யானைக்கு டிக்கெட் கிடையாது: பேரப்பிள்ளைகளோடு பொம்மை விளையாட்டு ஆட முழுமையான வழிகாட்டி

31 வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் திருநெல்வேலி – பாபநாசம் ரூட். ஒரு நாளைக்கு எத்தனை பேரோடு பேசியிருப்பேன், எத்தனை சில்லறைச் சண்டையைத் தீர்த்து வைத்திருப்பேன், ஆனால் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த முதல் வாரத்தில் சொந்தப் பேத்தியோடு பத்து நிமிஷம் விளையாடத் தெரியவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஆறு வரை பிள்ளைகள் எங்கள் பொறுப்பு. அப்போது அவளுக்கு மூன்று வயது. கரடி பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். நான் என்ன செய்தேன்? "இது என்ன கலரு? இதுக்கு எத்தனை காலு? கரடி காட்டுல இருக்குமா, வீட்டுல இருக்குமா?" என்று கேள்வி மேல் கேள்வி. அவள் கரடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் போய்விட்டாள். செக்கர் ஏறின பஸ் மாதிரி ஆகிவிட்டது விளையாட்டு.

இப்போது அவளுக்கு ஐந்து, தம்பிக்கு மூன்று முடியப்போகிறது. இந்த இரண்டு வருடத்தில் நான் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தாத்தா ஆச்சிமாருக்காக எழுதுவது. அப்பா அம்மாவும் படிக்கலாம், ஆனால் அவர்களுக்கு நேரம் இல்லை என்பதால்தானே பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த பஸ்ஸுக்கு டிரைவர் பிள்ளை. நாம் பயணி. எங்கே போகிறது என்று டிரைவருக்குத் தெரியும், நமக்குத் தெரியவேண்டியதில்லை.

1. உட்காரும் இடம்

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இந்த விளையாட்டை ஆட முடியாது. பொம்மையின் கண்ணும் உங்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். மூட்டு வலி இருக்கிறதா, எனக்கும் இருக்கிறது. சுவரில் சாய்ந்தபடி ஒரு மணைப்பலகையோ மடித்த ஜமுக்காளமோ போட்டு உட்காருங்கள், எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள எட்டும் தூரத்தில் கட்டில் கால் மாதிரி ஆடாத ஒன்று இருக்கட்டும். அதுவும் முடியாதவர்கள் கட்டிலிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையையும் பொம்மைகளையும் மேலே ஏற்றிக்கொள்ளலாம். போர்வையை முழங்காலில் போட்டால் அதுவே மலை, காலை மடக்கினால் நிலநடுக்கம்.

நேரம் என்று பார்த்தால், மத்தியானம் தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு நல்லது. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் அழுகையில் முடியும். இருபது நிமிஷம் போதும், முழு மனதோடு இருந்தால். போனை வேறு அறையில் வையுங்கள், சத்தத்தைக் குறைத்துச் சட்டைப்பையில் வைப்பது பத்தாது. கையில் கரடியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் வாட்ஸ்அப் பார்க்கும் தாத்தாவைப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

2. எந்தப் பொம்மை, எத்தனை பொம்மை

ஆறு போதும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் இருந்தது, பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு டெடி. எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் பிள்ளைகள் ஒன்றோடும் பேசாமல் எறிந்துதான் விளையாடும். இப்போது ஆறு வெளியே, மீதி பரணில். மாதம் ஒரு முறை ஒன்று "ஊருக்குப் போகும்", ஒன்று "ஊரிலிருந்து வரும்". இதை பிள்ளைக்குச் சொல்லாமல் செய்யக்கூடாது, எது போகிறது என்பதை அவர்களே சொல்லட்டும்.

பெரிது, சின்னது, ஒல்லி, குண்டு என்று அளவு வேறுபட்டு இருந்தால் கதை தானாக வரும். ஒட்டகச்சிவிங்கி பஸ்ஸுக்குள் எப்படி நுழையும் என்பதிலேயே எங்களுக்கு ஒரு சாயங்காலம் போயிருக்கிறது. யானை கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற தையல்கார அம்மா 1880-ல் துணியில் யானை தைத்தது குண்டூசி குத்தி வைப்பதற்காக, பிள்ளைகள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் விளையாட ஆரம்பித்ததில்தான் அவருடைய பொம்மைத் தொழிலே வளர்ந்தது. கரடி பின்னால் வந்தது: 1902-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில் கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுட மாட்டேன் என்று சொல்ல, அது பத்திரிகையில் கார்ட்டூனாக வர, அவருடைய செல்லப் பெயரான டெடி அந்தப் பொம்மைக்கு ஒட்டிக்கொண்டது. இதை என் பேத்தியிடம் சொன்னபோது, "அந்தக் கரடியை அப்புறம் அவுத்து விட்டாங்களா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாட்டு கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் பொம்மையின் கண், மூக்கு, பட்டன் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்; ஆடுகிற கண் தொண்டையில் அடைக்கும். ஆடினால் பிய்த்துப் போட்டுவிட்டு நூலில் கண்ணைத் தைத்துவிடலாம். பாட்டுப் பாடும் பொம்மைக்குள் காசு மாதிரி வட்ட பேட்டரி இருந்தால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்கவேண்டும், அந்த பேட்டரியை விழுங்கினால் உள்ளே வெந்துபோகும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காரியம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் பஞ்சு பொம்மையே வேண்டாம். புதிதாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மைக்கு அதெல்லாம் பார்க்க முடியாது என்றால், தையலையாவது இழுத்துப் பாருங்கள்.

துவைப்பது தனிக் கதை. மூக்கடைப்பு, வீசிங் உள்ள பிள்ளை என்றால் பொம்மையில் சேரும் தூசிப்பூச்சி ஒரு தொல்லை. துணி தாங்குமென்றால் 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் பூச்சி சாகும். தாங்காத பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி நல்ல வெயிலில் உள்பஞ்சு வரை காயவிடுங்கள். ஆனால் பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் அந்த ஒரே ஒரு பொம்மை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் துவைத்தால் நீங்கள் தொலைந்தீர்கள். என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல எண்ணத்தில் பஞ்சு என்ற முயலைச் சோப்புப் போட்டுக் கும்மிவிட்டாள். "இது என் பஞ்சு இல்ல, இது வேற முயலு" என்று இரண்டு நாள் அதைத் தொடவில்லை பிள்ளை. வாசனை போய்விட்டது, அதுதான். இப்போது முயலை ஆற்றுக்குக் குளிக்கக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி, பிள்ளையையே பக்கெட் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையாலேயே தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம்.

3. பெயர், குணம், ஒரு நோட்டு

பெயர் பிள்ளை வைக்கவேண்டும். நம் வாயில் அழகான தமிழ்ப் பெயர்கள் பத்து தயாராக இருக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். எங்கள் யானை பெயர் செல்லம்மா, அது எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவின் பெயர். கரடி குண்டன். முயல் பஞ்சு. ஆட்டுக்குட்டிக்கு இட்லி என்று பெயர், ஏனென்று இன்று வரை தெரியாது.

குணமும் அப்படியே தானாக வரட்டும், வந்த பிறகு மாற்றாதீர்கள். குண்டனுக்குத் தூக்கம் அதிகம். செல்லம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் வெட்கம். இட்லி கண்டதையும் தின்னும், துணி, பேப்பர், டிக்கெட் எதையும் விடாது. இதில் நமக்கு ஒரு கஷ்டம், பிள்ளைகளுக்கு நினைவு பயங்கரம், நமக்கோ மறதி. குண்டனுக்குப் போன புதன்கிழமை பல் விழுந்தது என்பதை நான் மறந்து அவனுக்கு முறுக்கு கொடுத்துவிட, பேத்தி விளையாட்டையே நிறுத்திவிட்டாள். அதிலிருந்து பழைய டைரி ஒன்றில் எழுதி வைக்கிறேன். டிரிப்புக்கு டிரிப் இன்வாய்ஸ், அதாவது டிக்கெட் கணக்கு, எழுதின கைக்கு இது ஒன்றும் பாரமில்லை: "பஞ்சு – வலது காதில் வலி. செல்லம்மா – குற்றாலம் போய் வந்தது. இட்லி – மன்னிப்பு கேட்கவில்லை."

4. எந்த வயதில் எவ்வளவு

ஒன்றரை வயதில் பிள்ளை வெறும் டம்ளரைத் தன் வாயில் வைத்துக் குடிப்பதுபோலச் செய்யும். கொஞ்ச நாளில் அதே டம்ளரைக் கரடி வாயில் வைக்கும். அந்த அளவுதான் அப்போதைய கதை, நீங்களும் அதற்கு மேல் போகாதீர்கள், கரடி "ஆஹா" என்றால் போதும். இரண்டு வயதைத் தாண்டினால் இரண்டு மூன்று காரியம் கோர்த்து வரும்: குளிப்பாட்டி, துவட்டி, தூங்க வைப்பது. மூன்றரை நாலில்தான் கதை என்று சொல்லும்படி, ஒருத்தருக்கு ஒன்று நடந்து, அதனால் இன்னொன்று நடந்து என்று வரும். ஐந்தில் விளையாடுவதை விட "நீ இப்படிச் சொல்லணும், நான் அப்படிச் சொல்வேன்" என்று ஏற்பாடு பண்ணுவதே பாதி நேரம். அது விளையாட்டுக்கு முந்தின வேலை இல்லை, அதுவே விளையாட்டு, அவசரப்படுத்தாதீர்கள்.

சின்னப் பிள்ளைக்கு இது பொய் என்று புரியுமா, குழம்பிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. பால் ஹாரிஸ், ராபர்ட் கவானா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குறும்புக் கரடி வரும், அது வெறும் பாத்திரத்திலிருந்து மற்ற பொம்மைகள் மேல் "டீ" ஊற்றிவிடும். ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஆனால் இரண்டு வயதைத் தாண்டின பிள்ளைகள் பொம்மை நனைந்துவிட்டது என்று சொன்னார்கள். இல்லாத டீ எங்கே கொட்டியது, யார் நனைந்தார்கள் என்று பின்தொடர அந்த வயதிலேயே முடிகிறது. எனவே நீங்கள் தாராளமாக இல்லாத டீயைக் குடிக்கலாம். ஆனால் கவிழ்ந்த டம்ளரிலிருந்து குடித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. பட்டினப்பாலையில் சோழநாட்டு வீட்டு முற்றத்தில் குதிரை இல்லாமல் மூன்று சக்கரத் தேரை உருட்டிக்கொண்டு போகிறார்கள் பிள்ளைகள். குதிரை யாராக இருந்திருக்கும் என்று பேரன் வைத்திருக்கிற வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

5. ஆரம்பிப்பது எப்படி

"வா விளையாடலாம்" என்று கூப்பிடாதீர்கள். "என்ன விளையாடலாம்?" என்று கேட்கவே கேட்காதீர்கள், அதற்குப் பதில் "டிவி" என்றுதான் வரும். கரடியை எடுத்து, அதன் காதில் ஏதோ கேட்பதுபோல வைத்துக்கொண்டு, "அப்படியா... இப்பவேவா?" என்று உங்கள் பாட்டுக்குப் பேசுங்கள். பிள்ளை இரண்டு நிமிஷத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். "குண்டன் என்ன சொல்றான்?" என்று கேட்கும். அங்கேதான் பெரியவர்கள் சறுக்குவது. நீங்கள் பதில் சொன்னால் கதை உங்களுடையது ஆகிவிடும். "எனக்குச் சரியா கேக்கலையே, நீ கேட்டுச் சொல்லு" என்று கரடியை அவர்கள் கையில் கொடுங்கள்.

வேஷம் பிரிக்கும்போது கீழான வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் பிள்ளை, நீங்கள் நோயாளி. டீச்சர் பிள்ளை, நீங்கள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன். நாள் முழுக்க எழுந்திரு, சாப்பிடு, செருப்பைப் போடு, தொடாதே என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஜீவன் அது. நம்மை அதட்ட ஒரு இருபது நிமிஷம் கிடைத்தால் அதன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

குரல் மாற்றத் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். வேகத்தை மாற்றினாலே போதும். யானை மெதுவாகப் பேசும், முயல் அவசரமாகப் பேசும். அதிகமாகக் கத்தி நடித்தால் பிள்ளை பார்வையாளராக உட்கார்ந்துவிடும், சிரிக்கும், ஆனால் விளையாடாது.

6. பஸ் விளையாட்டு, முழுசாக

இது எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் தபால்காரராக இருந்திருந்தால் தபால் விளையாட்டு, மளிகைக் கடை வைத்திருந்தால் கடை. உங்கள் தொழிலின் சின்னச் சின்ன நுணுக்கம்தான் இதில் மசாலா.

சாப்பாட்டு நாற்காலிகளை இரண்டிரண்டாக, நடுவில் வழி விட்டு. முன்னால் ஒரு முக்காலி டிரைவருக்கு, ஸ்டீயரிங் ஒரு எவர்சில்வர் தட்டு. டிக்கெட்டுக்குப் பழைய காலண்டர் தாளைச் சின்னதாகக் கிழித்து ரப்பர்பேண்ட் போட்டு மூன்று கட்டு, வேறு வேறு கலர் இருந்தால் நல்லது. காசுக்கு முதலில் புளியங்கொட்டை வைத்தேன், சின்னவன் ஒன்றை மூக்குக்குக் கொண்டுபோனதைப் பார்த்ததும் அத்தனையையும் குப்பையில் போட்டேன். இப்போது பூவரச இலை. பெரிய இலை பத்து ரூபாய், சின்ன இலை ஐந்து. பை என் பழைய தோல் பை, வார் பாதி அறுந்தது, அதை மாட்டிக்கொள்ள இருவருக்கும் சண்டை.

விசில்தான் உயிர். ஒன்று அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் போகணும். இதை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு விசிலைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காத என் பேரன், ஒற்றை விசில் கேட்டால் தட்டைப் பிடித்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நான் "அசையாதே" என்று சொல்லியிருந்தால் நடக்குமா?

அப்புறம் பயணிகள் ஏறுகிறார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று ஒரு காரணம் வேண்டும். அதைக் கண்டக்டர் கேட்கட்டும், பொம்மையைப் பிடித்திருக்கும் நீங்கள் சொல்லலாம், ஆனால் கொஞ்சம் அரைகுறையாக. "எனக்கு... அந்த அப்பளம் விக்கிற ஊருக்கு ஒரு டிக்கெட்." பேத்தி, "கல்லிடைக்குறிச்சியா? அப்படிச் சொல்லு" என்கிறாள், அசல் கண்டக்டர் தோரணையில். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று ஸ்டாப் எல்லாம் அவளுக்கு இப்போது மனப்பாடம். பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒன்றுகூட நின்றிருக்காது.

செல்லம்மா யானை ஏறினபோது ஒரு பெரிய வழக்கு வந்தது. இரண்டு சீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது, அதனால் இரண்டு டிக்கெட் என்றேன் நான், லக்கேஜ் விதியெல்லாம் மனதில் வைத்து. பேத்தி, "செல்லம்மா பொம்பளை யானை, பிங்க் பஸ்ல டிக்கெட் கிடையாது" என்றாள். பேசாமல் காசில்லாத டிக்கெட் ஒன்றைக் கிழித்து யானைத் தும்பிக்கையில் செருகினேன். உடனே குண்டன் தனக்கும் நாலு வயதுதான் என்று ஆரம்பித்துவிட்டான், ஐந்து வயது வரை டிக்கெட் இல்லையே. அன்றைக்கு வசூல் ஒன்றுமே இல்லை.

கதை நடுவழியில் நின்றுபோனால் ஒரு சிக்கலைக் கொண்டுவரவேண்டும், ஒரே ஒரு சிக்கல், சின்னதாக. டயர் பஞ்சர். நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை இல்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ரோட்டில் மாடு படுத்திருக்கிறது. சிக்கலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு "அய்யய்யோ, இப்ப என்ன பண்றது?" என்று நிஜமாகவே முழியுங்கள். பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். எனக்கு இதுதான் கடைசியாக வந்த பழக்கம், 31 வருடம் எல்லாப் பிரச்சினைக்கும் நானே பதில் சொல்லிப் பழகினவன். பஞ்சருக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? செல்லம்மாவை இறக்கி, நாலாவது டயராக அதையே நிற்க வைத்துவிட்டார்கள்.

7. மற்ற விளையாட்டுகள், சுருக்கமாக

ஆஸ்பத்திரி எல்லா வீட்டிலும் நடக்கும், கைக்குட்டைக் கட்டும் ஸ்பூன் ஊசியும் போதும். டீக்கடைக்குச் சொப்புச் சாமான், எங்கள் பக்கம் அம்பாசமுத்திரத்தில் கடைசல் மரச்சொப்பு நன்றாகக் கிடைக்கும். பொம்மைக் கல்யாணத்துக்கு முகூர்த்தத்தை விடப் பந்திதான் முக்கியம், வாழை இலையைத் துண்டாக நறுக்கிப் போட்டால் அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு. பள்ளிக்கூட விளையாட்டில் பெரியவர்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது: பிள்ளை டீச்சராகி எப்படி அதட்டுகிறது என்று கவனியுங்கள், வகுப்பில் எப்படி நடக்கிறது என்பதன் சாயல் அதில் தெரியும். முழுக்க நம்பவும் வேண்டாம், பிள்ளைகள் கூட்டிச் சொல்லும்.

8. செய்யக்கூடாதவை

திருத்தக்கூடாது. யானை முட்டை போட்டால் போடட்டும். "யானை குட்டிதான் போடும் கண்ணு" என்று பாடம் எடுக்க நாள் முழுக்க நேரம் இருக்கிறது, இந்த இருபது நிமிஷத்தைத் தவிர.

பொம்மையை வைத்துப் புத்தி சொல்லக்கூடாது. "பாரு, குண்டன் மட்டும் சமத்தா காய்கறி சாப்பிடுறான், நீதான்..." என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் குண்டன் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். நம் பக்க ஆளாகிவிட்ட பொம்மையைப் பிள்ளை நம்பாது.

"இது நிஜமா, பொய்யா?" என்று கேட்கக்கூடாது. பிரிட்டனில் குழந்தை மருத்துவராக இருந்த டொனால்ட் வின்னிகாட், பிள்ளைகள் விடாமல் வைத்திருக்கும் பொம்மையையும் போர்வைத் துண்டையும் பற்றி 1950-களின் தொடக்கத்தில் எழுதியபோது இதைத்தான் சொன்னார்: இதை நீ உண்டாக்கினாயா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை என்று நமக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. பிள்ளைக்கு எல்லாம் தெரியும். என் பேத்தி ஒரு நாள் மும்முரமாக விளையாடிக்கொண்டிருந்த நான் கரடிக்கு நிஜ மிக்ஸரை ஊட்டப் போனபோது, "தாத்தா, அது பொம்மை" என்று மெதுவாகச் சொல்லிக் கையைப் பிடித்தாள்.

வீடியோவும் எடுக்காதீர்கள். எடுக்கத் தொடங்கின நொடியில் விளையாட்டு முடிந்து நாடகம் தொடங்கிவிடும். ஆசை எனக்கும் உண்டு, அடக்கிக்கொள்கிறேன், பாதி நாள் அடக்கிக்கொள்கிறேன்.

9. இரண்டு பிள்ளைகள் இருந்தால்

இரண்டு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து விளையாடாது, பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு விளையாடும். அது சண்டையோ கோபமோ இல்லை, அந்த வயது அப்படி. பெரியவள் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்னவன் தட்டை உருட்டிக்கொண்டிருந்தால் அவனை இழுத்துக் கதைக்குள் போடாதீர்கள், கதையைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்துங்கள்: "டிரைவர் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்காரு, வண்டி இன்னும் பத்து நிமிஷத்துல கிளம்பும்." அவனுக்கும் வேலை ஆயிற்று, அவளுக்கும் மானம் போகவில்லை. விசில் இரண்டு வாங்குங்கள். எச்சிலுக்காகவும், சமாதானத்துக்காகவும்.

10. பொம்மை வாயால் பிள்ளை பேசும்போது

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் எது கேட்டாலும் "நல்லாருக்கு" என்பாள். ஒரு சாயங்காலம் பஞ்சு மட்டும் பஸ்ஸில் ஏறவில்லை. "பஞ்சுக்கு வயித்து வலி. அது ஸ்கூல் ஸ்டாப்ல இறங்காது." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அவளைப் பார்த்து "உனக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தால் கதவு சாத்திக்கொண்டிருக்கும். முயலைப் பார்த்தே கேட்டேன்: "பஞ்சு, அந்த ஸ்டாப்ல என்ன இருக்கு?" முயல் சொன்னது: பாத்ரூம் இருட்டாக இருக்கிறது, தாழ்ப்பாள் போடத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். மகளிடம் சொன்னேன், அவள் போய் டீச்சரிடம் பேசினாள். முயலுக்குத் தாழ்ப்பாள் போட எங்கள் பாத்ரூமிலேயே நாலு நாள் டிரெயினிங் நடந்தது.

அதே மாதிரி தடுப்பூசிக்கு இரண்டு நாள் முன்னால் பொம்மைகளுக்கு ஊசி போடலாம். "வலிக்காது" என்று குண்டன் சொல்லக்கூடாது, வலிக்கத்தானே செய்யும். "கொஞ்சம் வலிச்சுது, அழுதேன், அப்புறம் நின்னுட்டுது" என்று சொன்னால் பிள்ளை நம்பும்.

சில நாள் பிள்ளை பொம்மையை அடிக்கும், திட்டும், சாகடிக்கும்கூட. பதறவேண்டாம், கோபத்துக்கு ஒரு இடம் வேண்டும். ஆனால் ஒரே பயங்கரமான காட்சி பல நாள் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வந்தாலோ, வயதுக்கு மீறின உடல் விஷயங்கள் பொம்மையில் தெரிந்தாலோ, துருவிக் கேட்டுக் குடையாமல், நடந்ததை அப்படியே குறித்து வைத்துப் பெற்றோரிடம் சொல்லிக் குழந்தை மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. இன்னொன்று, இரண்டு வயதைத் தாண்டியும் இந்த மாதிரிப் பாவனை எதுவுமே இல்லாமல், பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பதும் விரலை நீட்டிக் காட்டுவதும் குறைவாக இருந்தால் "ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் வரும்" என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

11. தூரத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு

என் தம்பி பேரன் துபாயில். வீடியோ காலில் "சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா" என்று கேட்டால் பையன் ஓடிவிடுகிறான் என்று புலம்புவான். ஒரே மாதிரி இரண்டு குரங்கு வாங்கி ஒன்றை அனுப்பிவைக்கச் சொன்னேன். இப்போது குரங்குகள்தான் பேசிக்கொள்கின்றன, தம்பி முகம் ஸ்க்ரீனிலேயே வராது. இங்கே குரங்கு தேங்காய் திருடிவிட்டு ஒளிந்திருக்கும், அங்கே குரங்கு தேடிச் சொல்லும். ஆறு ஏழு நிமிஷத்தில் முடித்துவிடுகிறான், சுவாரசியம் இருக்கும்போதே.

12. முடிப்பது

திடீரென்று "போதும், எழுந்திரு" என்றால் அழுகைதான். முடிவையும் விளையாட்டுக்குள்ளேயே வையுங்கள். "இன்னும் ரெண்டு டிரிப், அப்புறம் வண்டி டிப்போவுக்கு" என்று முன்கூட்டியே அறிவிக்கவேண்டும், அந்த இரண்டு டிரிப்பை ஒழுங்காகக் கொடுக்கவும் வேண்டும். டிப்போ என்பது எங்கள் வீட்டில் ஒரு பழைய மூங்கில் கூடை. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிக் கூடைக்குள் போவார்கள், இதனால் அடுக்கி வைக்கிற வேலையும் முடிந்துவிடும். கடைசியாக நான் பையைக் கவிழ்த்து இலைகளை எண்ணி டைரியில் வசூல் எழுதுவேன், பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பாள்.

நேற்று பத்து டிக்கெட் கிழித்திருக்கிறோம், ஒன்பது இலைதான் இருந்தது. பஸ்ஸில் குறைந்தால் கண்டக்டர் கையிலிருந்துதான் கட்டவேண்டும் என்று சொல்லி நான் சட்டைப்பையைத் தடவினேன். நாற்காலிக்கு அடியில் பார்த்தோம், தோல் பையை உதறினோம். சின்னவன் ஒன்றும் பேசாமல் கூடைக்குள் கையை விட்டு ஆட்டுக்குட்டியை எடுத்து, அதன் வாயை என் முகத்துக்கு நேராகக் காட்டினான். தையல் இடுக்கில் ஒரு துளி பச்சை இருந்தது. எழுதினேன்: "குறைவு – ஒரு இலை. காரணம் – இட்லி தின்றது." பேத்தி அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.